கொண்டு விற்க வந்தவர்கள்

காலை எட்டேகாலுக்கு
எதிர்க் கம்பெனிக் கடையின் ஷட்டர் உயரும்.
முதலில் நுழைவது நான்.
கூடையில் ஒரு டூத் பிரஷ், பார்வைக்கு.
மற்றதெல்லாம் செல்போனில்:
உருட்டு உளுந்து நூற்று முப்பத்தெட்டு,
சீனி நாற்பத்தொன்று தொண்ணூறு,
கல்பாசி ஐம்பது கிராம், ஸ்டாக் இல்லை.

நாற்பது சாமான், நாற்பது விலை.
ஒன்பது மணிக்குள் சென்னைக்குப் போய்விடும்.
அங்கிருந்து எங்கே போகுமென்று
கழனிவாசல் கிளையில் யாருக்கும் சரியாகத் தெரியாது.
ராட்டர்டாம் என்கிறார் மேனேஜர்.
ரொட்டி மாதிரி ஏதோ ஊர் என்கிறான்
டிராலி அடுக்கும் சவரிமுத்து.

பத்தரைக்கு எங்கள் சீனி
நாற்பத்தொன்று நாற்பதாக இறங்கும்.
பதினொன்றுக்கு அவர்களுடைய ஆள் வருவார்:
தெனப்பன், கட்டம்போட்ட சட்டை,
கூடையில் ஒரு சீப்பு.
நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வேன்.
மாலையில் ஐந்து விளக்குப் பக்கம் டீ.
இன்று அவர் காசு கொடுத்தால் நாளை நான்.
பத்து மாசமாக எங்கள் நடுவில்
ஏறாமல் இறங்காமல் இருந்த ஒரே விலை
அந்த டீதான்.

ஆடியில் சீனி முப்பத்துநாலுக்கு வந்தது.
வாங்கின விலை நாற்பது.
கிலோவுக்கு ஆறு ரூபாய்
கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ
நமக்காகக் கட்டிக்கொண்டிருந்தார்.
ஆளுக்கு ஐந்து கிலோதான் என்று
அட்டை எழுதித் தொங்கவிட்டோம்.
சீனிக்கு வந்தவன் வேறு நாலு சாமான்
எடுக்காமல் போகமாட்டான் என்று
டிரெயினிங்கில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

வரிசையில் பன்னிரண்டு மஞ்சள் பை.
பன்னிரண்டு பேர் கையிலும்
நூற்று எழுபது, சில்லறை சரியாக.
ஒருத்தரும் பிஸ்கட் பக்கம் திரும்பவில்லை.
வாசலில் மாம்பழ வாசனை தெளித்த மெஷின்
தனக்குத்தானே தெளித்துக்கொண்டிருந்தது.

ஆட்டோ அம்மன் சன்னதிக்குத் திரும்ப
பின்னாலேயே போனேன்.
விலை பார்ப்பதுதானே வேலை.
மு.சாத்தப்பன் மளிகை.
கல்லாவுக்குப் பின்னால் எங்கள் பாக்கெட்டுகளைப் பிரித்து
மூட்டையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.
"வாம்மா. சீனி நாப்பது.
உங்க கடையில முப்பத்திநாலாமே?
நமக்கெல்லாம் அது கட்டாதும்மா."
முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை.

ரிப்போர்ட்டில் எழுத இடம் தேடினேன்.
போட்டியாளர் கட்டத்தில் ஒரே பெயர்தான் வரும்,
அது தெனப்பன் கம்பெனி.
வாடிக்கையாளர் கட்டத்தில் எண் மட்டும்தான்.
அதில் சாத்தப்பன்
பன்னிரண்டு பேர்.

அடுத்த மாதம் திரையில் ஒரு வெள்ளைக்காரர்
காராய்கூடி, காராய்கூடி என்றார்.
எங்கள் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது.
இதே மாதிரி தேவகோட்டை, புதுக்கோட்டை,
பிறகு கொழும்பு, பினாங்கு என்று
வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் எரிந்தன.
இந்த ஊர்க்காரர்கள் கப்பலேறிப் போன துறைகள்.
கொண்டு விற்கப் போதல் என்பார்கள் அதை.
போனவர்கள் காலணா விடாமல்
கணக்கெழுதி அனுப்பினார்களாம்.
எதை எழுதாமல் விட்டார்கள் என்பது
எந்தப் பேரேட்டில் இருக்கும்?
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று சாயங்காலம் தெனப்பன்
கிளாஸைக் கையில் உருட்டியபடி கேட்டார்:
"உங்க கடைக்கும் மஞ்சப் பை வருதா?"
"காலையில."
"எங்களுக்கு மத்தியானம்."
"எழுதினீங்களா?"
அவர் பதிலுக்கு டீயை ஊதினார்.
அவருக்கும் கோடு ஏறியிருக்கிறது.
சீனியரென்று பட்டம்கூடக் கொடுத்துவிட்டார்கள்.

எழுந்து காசை நீட்டினால்
கடைக்காரர் இன்னும் இரண்டு ரூபாய் கேட்டார்.
என்னண்ணே, திடீர்னு?
"சீனி விலைம்மா.
உங்க ரெண்டு கடையிலயும்
எப்பப் போனாலும் தீர்ந்துபோச்சுங்கிறாங்க.
சாத்தப்பன்கிட்ட நாப்பத்திமூணு."

பழக்கத்தில்
இரண்டு பேரும் செல்போனை எடுத்தோம்.